தீர்க்கதரிசிகளை நாள் பார்ப்பவர்கள் ஆக்காதீர்கள்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் நற்செய்திக் கூட்டங்கள் தொடங்கிவிடும். பந்தலும் டியூப் லைட்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்து இறங்கும். மேடைக்குப் பின்னால் கட்டிய பிளெக்ஸில் ஏழு தலை மிருகம், எருசலேம் நகரம், சிப் பதித்த ஒரு கை, மேலே பெரிதாக 666. ஊழியக்காரர் ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் செல்போனுமாக நிற்பார். முதலில் செய்தி, பிறகு வசனம். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தால் எசேக்கியேல் 38. கொரோனா வந்தால் வெளிப்படுத்தின விசேஷம் 6. காசாவில் குண்டு விழுந்தால் சகரியா. இது கடைசி காலம், விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இயேசு வரும் இரகசிய வருகை வாசலில் நிற்கிறது என்று அவர் முடிக்கும்போது கூட்டத்தில் அழுகை எழும்.

இது பெந்தெகொஸ்தே சபைகளோடு நிற்கிற நம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். பூண்டி மாதா பேராலயத்துக்கு நேர்ந்துகொண்டு போகிற கத்தோலிக்கக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பிலும், தஞ்சாவூர் லுத்தரன், சி.எஸ்.ஐ. குடும்பங்களின் வாட்ஸ்அப்பிலும் அதே வீடியோக்கள்தான் சுற்றுகின்றன. பைபிளில் இன்றைய உலகச் செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, கணக்குத் தெரிந்தவர் அதைப் படித்துக் காட்டலாம் என்பது இன்று பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவர்களின் இயல்பான எண்ணமாகிவிட்டது.

அந்த எண்ணம் தவறு. வெறும் கணக்குத் தவறாக இருந்தால் காலம் திருத்திக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். இது வேதத்தின் வாயை அடைக்கிற தவறு. தீர்க்கதரிசிகள் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் தானிய விலையைப் பற்றியும் கத்தியதை நாம் கேட்கவிடாமல் செய்கிற தவறு. நெல் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் போவது பெரிய இழப்பு.

முதலில் தானியேல். கி.மு. 167-ல் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தில் அந்நிய தெய்வத்துக்குப் பலிபீடம் வைத்தான். விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். நியாயப்பிரமாணச் சுருளை வைத்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தானியேல் 11-ஆம் அதிகாரத்தை அந்தக் காலத்து வரலாற்றோடு சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். எகிப்தின் தாலமிகளும் சிரியாவின் செலூக்கஸ் வம்சமும் போட்ட சண்டைகள், செய்துகொண்ட திருமணங்கள், நடத்திய துரோகங்கள் எல்லாம் வரிசையாக வரும்; வந்து அந்தியோகஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்துவதில் நிற்கும். அதன் பிறகு அந்த ராஜா கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு அங்கே முடிவான் என்கிறது நூல். அவனோ கி.மு. 164-ல் பாரசீகப் பக்கத்தில் செத்தான். நூல் எந்த நெருக்கடியில் எழுதப்பட்டது என்பதை இந்த இடமே காட்டிக்கொடுக்கிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவவாதி இதை எடுத்துக் காட்டினார். அவர் கிறிஸ்தவத்தின் எதிரி என்பதால் அவர் புத்தகத்தை எரித்தார்கள். இன்று கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் வேத அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான்.

இதனால் தானியேலின் மதிப்பு குறைந்துவிட்டதா? எனக்குக் கூடித்தான் இருக்கிறது. தன் பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்ததற்காகக் கொல்லப்படுகிற ஒரு சனத்திடம், இந்த ராஜாவும் விழுவான், ராஜ்யங்கள் எல்லாம் விழும், நீதி செய்தவர்கள் மண்ணில் மக்கிப்போக மாட்டார்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தத் துணிச்சலை எடுத்துவிட்டு, ஐரோப்பிய யூனியனில் எத்தனை நாடு என்று தானியேல் கண்ட மிருகத்தின் பத்துக் கொம்புகளை எண்ணுவதால் நமக்கு என்ன கிடைக்கிறது?

அடுத்து வெளிப்படுத்தின விசேஷம். கத்தோலிக்கர் இதைத் திருவெளிப்பாடு என்பார்கள். இது ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதிய கடிதம் என்று அந்த நூலே முதல் அதிகாரத்தில் பெயர் சொல்லி அறிவிக்கிறது: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. எல்லாம் இன்றைய துருக்கியில் உள்ள ஊர்கள். எழுதியவர் பத்மு தீவில் அடைபட்டிருந்த யோவான். காலம் பெரும்பாலும் பேரரசன் டொமிஷியனின் கடைசி ஆண்டுகள், கி.பி. 95 வாக்கில். பேரரசனைத் தெய்வமாக வணங்கு, இல்லாவிட்டால் வாங்கவும் விற்கவும் முடியாது என்கிற நெருக்கடி அந்தச் சபைகளின் கழுத்தில் இருந்தது.

மிருகத்தின் எண்ணும் அப்படித்தான். அக்காலத்தில் எழுத்துகளே எண்களாகவும் இருந்தன. நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால், பெயரில் 306, பட்டத்தில் 360, ஆக 666. லத்தீன் உச்சரிப்புப்படி பெயரின் கடைசி மெய்யை விட்டால் 50 குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 666 இருக்க வேண்டிய இடத்தில் 616 என்றே இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு அவற்றில் ஒன்று. இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. கிறிஸ்தவர்களை ரோமில் வேட்டையாடிய பேரரசன் அவன். புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்று யோவான் எழுதியபோது, சிமிர்னாவில் உட்கார்ந்து கேட்டவர்களால் கணக்குப் பார்க்க முடிந்தது. அந்த எண் ஆதார் அட்டைக்கோ தடுப்பூசிக்கோ பார்கோடுக்கோ எழுதப்பட்டது என்றால், சாவுக்குப் பயந்து கூடியிருந்த அந்த மக்களுக்கு யோவான் 1,900 ஆண்டுகளுக்கு விளங்காத ஒரு கடிதத்தை அனுப்பினார் என்றாகிறது. அவரை அப்படி இரக்கமில்லாத மனிதர் ஆக்க நமக்கு என்ன உரிமை?

இந்த விளையாட்டுக்கு விலை உண்டு. மிசோரத்தில் கிறிஸ்தவர்களில் சிலர் ஆதார் எண்ணை மிருகத்தின் முத்திரை என்று நினைத்துப் பதிய மறுத்தார்கள். அரசு எல்லாவற்றுக்கும் ஓர் எண்ணைக் கேட்பது சரியா என்பது நியாயமான கேள்வி. சட்டத்தைக் காட்டி, நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பேயின் வேலை என்று சொல்லிவிட்டால் கேள்வி செத்துப்போகிறது, ஏழைக்கு ரேஷன் கிடைக்குமா என்ற பிரச்சினைதான் மிஞ்சுகிறது. கொரோனா தடுப்பூசிக்கும் அதே முத்திரைக் கதை வந்தது. பயந்து ஊசி போடாமல் இருந்தவர்களின் உயிருக்கு எந்த மேடையும் பொறுப்பேற்கவில்லை.

இந்தக் கணக்கு பழங்காலத்திலிருந்து வருகிற சபைப் போதனை என்று பலர் நம்புகிறார்கள். சபையில் எல்லாக் காலத்திலும் நாள் குறித்தவர்கள் உண்டு. ஆனால் இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், இஸ்ரேல் என்கிற தனிக் கடிகாரம் என்று இன்று நம் மேடைகளில் கேட்கிற முழு அட்டவணையை வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அவர் 19-ஆம் நூற்றாண்டுக்காரர். பிளிமத் சகோதரர் இயக்கத்தின் தலைவர். 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அந்த அட்டவணையை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சடித்தது. வாசிப்பவனுக்கு எது வசனம், எது குறிப்பு என்பது மறந்துபோனது. அமெரிக்க மிஷனரிகள், வேதாகமக் கல்லூரிகள் வழியாக அது நம் ஊர் வரை வந்து சேர்ந்தது. கல்லணையைக் கட்டிய காலத்தோடு வைத்துப் பார்த்தால் நேற்று முளைத்த போதனை.

டார்பிக்கு முன்னும் பின்னும், நாள் குறித்த இடத்திலெல்லாம் கணக்கு பொய்த்திருக்கிறது. தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய ஜெர்மானிய பக்தி இயக்கத்தின் பெரிய வேத அறிஞர் பெங்கல், 1836 என்று கணக்கிட்டார். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-ஆம் தேதிக்காக விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுக் காத்திருந்தார்கள். இஸ்ரேல் பிறந்த 1948-உடன் ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டு என்று கூட்டி 1988 என்றார் ஒருவர். ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் இழந்ததுதான்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது இன்னும் துயரமானது. 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் முயற்சியில் ஒரு பெரிய எழுப்புதல் எழுந்தது. அருளப்பன் வெள்ளைக்கார மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். மதிக்கத்தக்க மனிதர். அவருக்கு வழிகாட்டியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் அதே சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்தவர். அந்த எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் சி.எம்.எஸ். மிஷனின் குருவாக இருந்தார்; நல்ல படிப்பாளி, பாட்டுக் கட்டுபவர். 1875-ல் அவரைச் சுற்றியிருந்தவர்களிடையே ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: ஆறு வருடத்தில் ஆண்டவர் வருகிறார். குடும்பங்கள் தாய்ச் சபையை விட்டு வெளியேறின. அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு ஆறு வருடக் கட்சிக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1881 வந்தது. வானம் அப்படியே இருந்தது. வருகை ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி யுயோமயம் என்ற தனி மதத்தையே ஏற்படுத்தினார்கள். எழுப்புதலில் தொடங்கிய உண்மையான பக்தி, ஒரு தேதியில் மாட்டிக்கொண்டு சிதறியது.

தேதி சொல்வதில்லை, அடையாளங்களைத்தான் சொல்கிறோம் என்று இன்றைய ஊழியர்கள் பதில் சொல்வார்கள். சுனாமியும் கஜா புயலும் அடையாளங்கள் இல்லையா என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் முடித்துத் தங்கியிருந்த பக்தர்களையும் கடற்கரைக் குப்பங்களையும் அலை இழுத்துக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அதை அடையாளம் என்று மேடையில் சொன்னவர்கள், மத்தேயு 24-ஐ அரைகுறையாகத்தான் வாசித்தார்கள். யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி பற்றி இயேசு சொன்னதும், இவற்றைக் கண்டு கலங்காதீர்கள், முடிவு இன்னும் வரவில்லை என்றுதான் சொல்கிறார். அந்த நாளும் நாழிகையும் தனக்கும் தெரியாது என்கிறார். இப்படி வரும் என்று எச்சரித்து, கலங்காதே என்று சொன்ன பகுதியை எடுத்து, கலங்கு என்று பிரசங்கிப்பது எப்படி நியாயம்?

வருகையின் நம்பிக்கையையே மறுக்கிறாயா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மறுக்கவில்லை. அவர் மீண்டும் வருவார் என்பதை ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிற ஆள்தான் நானும். அநியாயம் கடைசி வார்த்தை பேசாது என்ற அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் கிறிஸ்தவமே இல்லை. அதைப் பஞ்சாங்கம் ஆக்குவதைத்தான் எதிர்க்கிறேன். பைபிளின் தீர்க்கதரிசனம் பஞ்சாங்கம்போல் மாறாத பலன் சொல்வதில்லை. நாற்பது நாளில் நினிவே அழியும் என்றான் யோனா. நினிவே மனம் திரும்பியது, அழியவில்லை. யோனா கோபித்துக்கொண்டான், கடவுள் கோபிக்கவில்லை. சொன்னது நடக்காமல் போவதற்காகவே சொல்லப்பட்ட வார்த்தை அது. நம் மேடைக் கணக்கில் மனம் திரும்புதலுக்கு உலகத்தின் போக்கை மாற்றுகிற சக்தியே கிடையாது. எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது, நீ உன் ஆத்துமாவை மட்டும் காப்பாற்றிக்கொள் என்கிறது அது. வேதத்திலிருந்து இதைவிடத் தூரம் போக முடியாது.

அந்த நூல்கள் உண்மையில் எதைப் பேசுகின்றன என்று பார்க்கலாம். வெளிப்படுத்தின விசேஷம் 6-ல் மூன்றாம் முத்திரை உடைந்ததும் கறுப்புக் குதிரை வருகிறது. ஏறியிருப்பவன் கையில் வாள் இல்லை, தராசு இருக்கிறது. ஒரு குரல் விலை சொல்கிறது: ஒரு படி கோதுமை ஒரு தெனாரியம், மூன்று படி வாற்கோதுமை ஒரு தெனாரியம், எண்ணெயையும் திராட்சரசத்தையும் தொடாதே. தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. அங்கே சொல்கிற படி, ஏறக்குறைய ஒரு லிட்டர், ஓர் ஆள் ஒரு நாள் தின்கிற தானியம். அதாவது நாள் முழுக்க உழைத்தவன் தன் வயிற்றுக்கு மட்டும் வாங்கலாம். பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை. மட்டமான வாற்கோதுமை என்றால் மூன்று வாய்க்கு எட்டும். பணக்காரன் மேசையின் எண்ணெய்க்கும் மதுவுக்கும் பங்கம் வராது. கி.பி. 92 வாக்கில் தானியம் குறைந்து மது பெருகியதால் மாகாணங்களில் திராட்சைத் தோட்டங்களில் பாதியை வெட்டச் சொல்லி டொமிஷியன் ஆணையிட்டான். தோட்டக்காரர்களின் எதிர்ப்பில் அது நடக்கவில்லை. யோவானின் வாசகர்களுக்கு அந்தத் தராசு நன்றாகவே தெரியும். இதே நூலின் 18-ஆம் அதிகாரத்தில் ரோம வணிகர்களின் சரக்குப் பட்டியல் வருகிறது. பொன்னில் தொடங்கி, பட்டு, தந்தம், எண்ணெய், கோதுமை, ஆடு, மாடு என்று இறங்கி, அடிமைகளில், மனித உயிர்களில் முடிகிறது.

இப்படி வாசித்தால் இந்த நூல் பூதலூருக்கு விளங்காமல் போகுமா? கருதறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து, மழை வந்தால் தார்ப்பாய் போர்த்தி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இரவில் காவல் காக்கிற விவசாயிக்குத் தராசின் பாஷை தெரியாதா? மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள், எடையில் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்ற குமுறல் டெல்டாவில் வருடந்தோறும் எழுகிறது. ஆமோஸ் 8-ல் தீர்க்கதரிசி கோபப்படுவது இதற்குத்தான்: அளவைக் குறைத்து, விலையைக் கூட்டி, கள்ளத் தராசு வைத்து, பதரைத் தானியமென்று விற்று, ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை வாங்குகிறவர்கள். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை ஏசாயா 5 சபிக்கிறது. அறுவடை செய்த ஆட்களின் பிடித்துவைத்த கூலி வானத்தை நோக்கிக் கூப்பிடுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறது. கடைசி நாட்கள் என்ற சொல்லும் அதே இடத்தில்தான் வருகிறது. அந்தச் சொல்லை மேடையில் எடுத்துக்கொள்கிறார்கள், கூலியை விட்டுவிடுகிறார்கள்.

அப்போதைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, ஒரே குடிசையில் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 இரவு. கிறிஸ்து பிறந்த இரவு. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. யாக்கோபின் அதிகாரத்துக்கு இந்த மண்ணில் இதைவிட நேரடியான விளக்கவுரை தேவையா? ஆனால் எத்தனை கடைசிக் காலக் கூட்டங்களில் வெண்மணியின் பெயர் வந்திருக்கிறது? கடைசி கால அடையாளமாக யூப்ரடீஸ் நதி வற்றுகிறதா என்று பார்க்கச் சொல்பவர்கள், காவிரிக் கரையில் எரிந்த குடிசையைப் பார்க்கச் சொல்வதில்லை.

காசா விஷயமும் அப்படியே. அங்கே நடப்பதைத் தீர்க்கதரிசன நிறைவேறல் என்று கைதட்ட வைக்கிறார்கள். 2023 அக்டோபரில் அங்கே உள்ள தொன்மையான புனித போர்பிரியோஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். தங்கள் சொந்த விசுவாசச் சகோதரர்களின் சாவைக்கூடக் கடிகாரத்தின் முள்ளாகப் பார்க்கப் பழக்குகிற போதனை எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். யூதனோ, முஸ்லிமோ, கிறிஸ்தவனோ, செத்த பிள்ளை யாருடைய அட்டவணைக்கும் ஆதாரம் ஆகாது.

உலகம் முடிவதுபோல் தோன்றுகிற காலத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1781-ல் ஐதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், பாசனம் கெட்டது, பஞ்சம் வந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தின் நான்கு குதிரைகளும் வந்துவிட்டன என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான வருடம் கிடையாது. அப்போது தஞ்சாவூரில் இருந்த மிஷனரி சுவார்ட்ஸ், விலை குறைவாக இருந்தபோதே வாங்கி வைத்திருந்த அரிசியைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். பிற்பாடு அதிகாரிகளின் கொடுமைக்குப் பயந்து நிலத்தை விட்டு ஓடிப்போன குடியானவர்கள், அவர் கொடுத்த வாக்கை நம்பி ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-ல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. அவர் வேதத்தை நம்பாதவர் என்று எந்த ஊழியக்காரராவது சொல்லத் துணிவாரா?

சுவார்ட்ஸ் செய்தது எரேமியா செய்ததைத்தான். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவலில் கிடந்தார். தான் சொன்னது நடக்கும் என்பது அவருக்கு நிச்சயம். அந்த நேரத்தில் சொந்தக்காரன் ஒருவன் வந்து ஆனதோத்தில் உள்ள வயலை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் பிடியில் போய்விட்ட வயல். எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்ட ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக மண்பானையில் போட்டு, நெடுநாள் இருக்கும்படி வைக்கச் சொன்னார். இந்த மண்ணில் மறுபடியும் வீடும் வயலும் கைமாறும் என்றார். அழிவைச் சொன்ன தீர்க்கதரிசி நிலம் வாங்கினார். கடைசி காலம் என்று சொல்லி நிலத்தை விற்றுக் காணிக்கை போடச் சொல்பவர்கள் எந்தத் தீர்க்கதரிசியிடம் பாடம் படித்தார்கள்?

ஆகவே சபைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆயர்களே, பாஸ்டர்களே, அந்த பிளெக்ஸைக் கழற்றுங்கள். கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் ஆமோஸையும் யாக்கோபையும் சேர்த்துப் பேசுங்கள். கேட்கிற சனங்களும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்த வசனம் முதலில் யாருக்கு எழுதப்பட்டது, அவர்களுக்கு அது என்ன சொன்னது என்று எழுந்து கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் அந்த நூலை விளக்கத் தகுதியில்லாதவர்.

மத்தேயு 24-ஐக் கரைத்துக் குடித்தவர்கள் ஒரு பக்கம் திருப்பினால் 25 வந்துவிடும். அதே வாய், அதே மலை, அதே வருகையைப் பற்றிய அதே பேச்சு. வருகிற நாளை மறைத்துவைத்த இயேசு, வந்து கேட்கப்போகிற கணக்கை அங்கே வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, உடுப்பில்லாதவனுக்கு உடுத்தினாயா, நோயாளியையும் சிறையில் கிடந்தவனையும் போய்ப் பார்த்தாயா? 666-க்கு அர்த்தம் தெரியுமா என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை.